சிரட்டை நெருப்பு

என் அக்காவுக்கு உலகத்தில் கதைகள் நாலே வகைதான். போயி வாற கதை, போயி வராத கதை, இருந்த எடத்துலயே இருந்து வாடுற கதை, பழி வாங்குற கதை. நான் பதுளை டவுனில் தமிழ் படிப்பிக்கிற டீச்சர். கதைக்கரு, கதைப்பின்னல், உச்சக்கட்டம் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டுப் பிள்ளைகளைக் கொட்டாவி விடவைத்துச் சம்பளம் வாங்குகிறவள். லீவுக்கு நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இந்த நாலில் அடங்காத ஒரு கதையாவது கொண்டுபோய் அவளை மடக்கப் பார்ப்பேன். அவள் மடங்கமாட்டாள். மாட்டிக்கொண்டால் விளையாட்டில் தோற்கிற பிள்ளை மாதிரி பச்சையாக அளாப்புவாள். "இது போயி வாற கதைதாண்டி, ஆளு போகல, மனசு போயிருக்கு" என்பாள். எங்கள் சண்டையைக் கேட்டு அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், எழுந்து வெளியே போய்விடுவார்.

அவள் கதை சொன்னது மலையில். மடுல்சீமைப் பக்கம் மலை என்றால் தேயிலை மலை. வேலைக்குப் போவதையே மலைக்குப் போவது என்றுதான் சொல்வோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடியதும் கங்காணி ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார். நிரை என்பது இரண்டு வரிசைத் தேயிலைக்கு நடுவே ஓர் ஆள் கொழுந்து பறித்துக்கொண்டே ஏறுகிற வழி. பக்கத்துப் பக்கத்து நிரைகளில் பெண்கள் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. அக்கா நடு நிரையில் நிற்பாள். இரண்டு பக்கமும் காது எட்டுகிற தூரம்வரை அவளுடைய ஆட்கள்.

அந்த நிரைக்குச் சில சட்டங்கள் இருந்தன. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. கதை முடிந்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்து அள்ளிச் சொன்னவள் கூடையில் போடவேண்டும். கதைக் கொழுந்து என்று அதற்குப் பேர். ஒருத்தி கதை தொடங்கினால் அது முடியும்வரை இன்னொருத்தி வேறு கதை எடுக்கக்கூடாது. முடிவை முதலில் மலையில்தான் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் வீட்டில். கடைசியாக ஒரு பெரிய சட்டம்: கேட்டுக்கொண்டிருந்த ஆள் பாதியில் எங்காவது போய்விட்டால், திரும்பி வரும்வரை அந்தக் கதையை முடிக்கக்கூடாது. கதையைக் கட்டி வைப்பது என்பார்கள்.

ஒரு தடவை அக்காவின் நிரைக்காரி ஒருத்திக்கு மாதம் நிறையும் முன்னே வலி எடுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய் பிழைப்பதே சந்தேகம் என்று செய்தி வந்தது. அக்கா கதையைக் கட்டி வைத்துவிட்டாள். வாரக்கணக்கில் நிரை வெறும் ஊர் வம்பு பேசிக்கொண்டு ஏறியது. கடைசியில் அவள் துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்து தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் இறங்கினாள். நல்லது பொல்லது எதுவும் பேசவில்லை. "அந்தப் பொண்ணு கெணத்துல இருந்து ஏறிட்டாளா இல்லியா" என்றுதான் முதலில் கேட்டாள். கட்டி வைத்த கதை ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும் என்று அதற்குப் பிறகு எல்லாரும் நம்பினார்கள். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. மெத்தப் படித்தவள் மாதிரி சிரித்துக்கொண்டே நானும் நம்பினேன்.

கதை மனுஷரை வளர்க்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. என் விஷயத்தில் அது உண்மை, மறுக்கமாட்டேன். எட்டாம் வகுப்போடு கொழுந்து எடுக்கப் போனவள் அக்கா. சாயங்காலம் வந்து, காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே எனக்குக் கதை சொல்வாள். எல்லாம் போயி வாற கதை. யாரோ ஒரு பெண் ஊரை விட்டுப் போவாள், முட்டி மோதுவாள், அடிபடுவாள், ஆனால் வந்துவிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வெளியே போகிற பயம் விட்டது. ஆசிரியர் கலாசாலைக்குப் போகிற அன்று பசறை ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டு, "நீ போயி வாற கதைடி, மறந்துறாத" என்றாள். கண்ணாடி வழியே பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவளுக்கு ஒரே பிள்ளை, மகள். எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். வாய் காது வரைக்கும். அக்கா மலையில் சொன்ன கதை ரொட்டிக்கு மா பிசைகிற நேரத்தில் அவளுக்கு வந்து சேரும். கதை முடிந்தாலும் விடமாட்டாள், "அப்புறம்?" என்பாள். அக்கா, "அப்புறம் என்ன, சாப்புட்டுட்டுப் படுத்தா" என்பாள். அரக்கனை வென்ற ராசாத்தி ஆனாலும் சரி, கடலைத் தாண்டிய குருவி ஆனாலும் சரி, கடைசியில் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும். அதைக் கேட்டால்தான் பிள்ளை தட்டை எடுப்பாள்.

அந்த மழைக்காலத்தில் அக்கா தொடங்கிய கதை இது. விடாமல் மழை பெய்கிற ஓர் ஊர். ஒரு வீட்டில் அடுப்பு அணைந்துபோகிறது, நெருப்புப்பெட்டியும் நமுத்துவிட்டது. தாய் மகளைக் கூப்பிட்டு, கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து, அக்கரை வீட்டில் போய் நெருப்பு வாங்கி வரச் சொல்கிறாள். போகும்போது ஆற்றில் முழங்கால் தண்ணீர். அக்கரை வீட்டுக்காரி சும்மா நெருப்புத் தர மாட்டேன் என்கிறாள். பிள்ளை காதில் கிடந்த ஒரு தோட்டைக் கழற்றிக் கொடுத்து, நாலு தணல் வாங்கி, மேலே சாம்பலைத் தூவி மூடிக்கொண்டு கரைக்கு வருகிறாள். வந்து பார்த்தால் ஆறு பெருகிக் கலங்கலாகப் போகிறது. இக்கரையில் தாய் நிற்கிறாள். அக்கரையில் இவள், சிரட்டையோடு. இந்த இடத்தில் கங்காணி கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டுவிட்டார். கதை நின்றது.

அன்று சாயங்காலம் பிள்ளை அதுவரைக்கும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றிருக்கிறாள். நாளைக்கு மலையில் முடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "காதுல மட்டும் சொல்லும்மா, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று கெஞ்சல். சட்டம் சட்டந்தான் என்று அக்கா. "சரி, அவ வருவாளா மாட்டாளா, அத மட்டும் சொல்லு." அதையும் அக்கா சொல்லவில்லை.

விடிந்ததும் மழை இன்னும் அடைத்துக்கொண்டு பெய்தது. பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அக்கா தலையில் மழைக்குப் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது, "மழையில எங்கயும் திரியாத, வீட்டுலயே இரு" என்று மகளிடம் சொன்னாள். எந்தத் தாயும் சொல்வதுதான். காலைத் தேத்தண்ணி நேரத்துக்கு முன்னால் சரிவின் அடியில் இருந்த பணிய லயத்துக்கு மேலே இருந்த மேடு அப்படியே சரிந்து வந்தது. லயத்தின் ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் இல்லை. அக்கா வீடு அந்த இல்லாத பக்கத்தில்.

அந்தப் பக்கத்தில் அகப்பட்ட மற்றவர்களை உடம்பில் காயத்தோடு எடுத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளையை மட்டும் எடுக்க முடியவில்லை. ரோடு முழுக்க மண். நான் பதுளையிலிருந்து பஸ்ஸில் பாதியும் நடையில் பாதியுமாக வந்து சேர்ந்தபோது ஆமிச் சிப்பாய்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு மண் தோண்டுகிற பெக்கோ மிஷின் வந்தது. மண் சேறாகி, தோண்டத் தோண்ட மூடியது. ஒரு பாவாடையும் ஒரு சோற்றுச் சட்டியும் கிடைத்தன. பாவாடை அவளுடையது இல்லை. கடைசியில் மேலே இருக்கிற மண்ணும் வரப்போகிறது என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார்கள். மச்சான் அந்த மிஷின்காரர் காலில் விழுந்தார். அந்த மனுஷர் சிங்களத்தில் ஏதோ சொல்லி அழுதார். அழுதுகொண்டே மிஷினைத் திருப்பிக்கொண்டு போனார்.

எங்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். வகுப்பறைக்கு நாலு குடும்பம், நடுவில் சேலைதான் சுவர். அக்கா மூலையில் உட்கார்ந்தாள். அழவில்லை. சாவு வீட்டில் செய்வதுபோல் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பதற்காக வந்த பெண்களைக் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "வீட்டுலயே இருன்னு சொன்னேன்" என்று மட்டும் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே சொல்வாள்.

பதினாறாம் நாள் கருமாதி செய்யவேண்டும். மச்சான் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உடம்பு கிடைக்காவிட்டாலும் பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம் என்று கேட்டார். வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்டேன். "கத முடியலடி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அவளும் கேட்டுக்கிட்டு இருந்தவதானே. பாதியில போயிருக்கா. கட்டி வச்சிருக்கேன்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், உலையில் அரிசி போட்டிருக்கிறேன் என்கிற மாதிரி. பதினாறும் கடந்துபோனது.

இதற்கு எதிராக என்ன பேசுவது? ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாளே, அவளே அடுத்த சேலைக்குப் பின்னால்தான் படுத்திருந்தாள். நிரையில் அக்காவுக்கு வலது கைப் பக்கம் நிற்கிற பெரியம்மா முறைக்காரர் ஒருவர்தான் தைரியமாக வந்து பேசினார். "நீ கதையக் கட்டி வச்சா பிள்ளை வராது தாயி. போற வழி தெரியாம அதுவும் அங்கயே கட்டிக் கெடக்கும். முடிச்சு விட்டுரு" என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே மச்சான் பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மெலிந்த மெலிவைப் பார்க்க முடியாது. பெற்றவனாக அவர் செய்ய மிச்சமிருந்த ஒரே காரியம் கருமாதிதான், அதையும் செய்யவிடாமல் இவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் மேல் பொல்லாத கோபம் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு கிடக்கவும் வேண்டும்போல் இருந்தது.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஓர் அம்மா வந்தார், கதை சொல்லி மனதை ஆற்றுகிற பயிற்சி கொடுக்க. சிங்களத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். பையிலிருந்து படம் போட்ட அட்டைகளை எடுத்துப் பாயில் பரப்பினார். உலகத்துக் கதைகள் எல்லாம் கொஞ்ச அச்சுகளில்தான் வார்க்கப்பட்டவை. பயணம் போய்த் திரும்புவது ஒன்று, பூதத்தை வெல்வது ஒன்று, ஏழை உயர்வது ஒன்று. நம் கதை எந்த அச்சு என்று தெரிந்தால் அடுத்த படி எது என்று தெரியும், கஷ்டப்படுகிற மனுஷர் அப்படித்தான் வளர்கிறார் என்றார். இதையே நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்று அதை என் வாயால் தமிழில் சொல்லச் சொல்ல எரிச்சலாக வந்தது. வளர்வதற்குத்தானா இது நடந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

அக்கா கையில் பயணம் போய் வருகிற அட்டையைக் கொடுத்தார். ஒரு பெண் மூட்டையோடு மலையேறுகிறாள், மறு பக்கம் சூரியன். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். "போயி வராததுக்கு அட்டை இல்லியா?" என்று என்னைக் கேட்டாள். நான் சிங்களத்தில் சொன்னேன். அந்த அம்மா தேடி இன்னொன்றை எடுத்தார். கிரீடம் வைத்த ஆள் ஒருவன் உச்சியிலிருந்து விழுகிறான். ஆணவத்தாலும் பேராசையாலும் அழிகிறவன் கதை என்று விளக்கினார். அக்கா, "ஆணவம் புடிச்சவனுக்குத்தான் இது. சொன்னபடி வீட்டுல இருந்த பிள்ளைக்கு எந்த அட்டை?" என்றாள்.

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. அந்த அம்மா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வேன் வரும்வரை உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. அவரிடம் அந்த அட்டை இல்லை, அவ்வளவுதான்.

மழை விட்டு வெயில் அடித்ததும் கொழுந்து முற்றத் தொடங்கிவிட்டது. வேலைக்கு வரச் சொல்லிப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா போகிறேன் என்று எழுந்தாள். மச்சான் என்னிடம் வந்து, "கூடவே இருங்க, தனியா விட்டுறாதீங்க" என்றார். பதுளையில் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. நானும் ஒரு கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு, கங்காணியிடம் சொல்லிவிட்டு அவளுக்கு இடது பக்க நிரையில் நின்றேன். வருஷக்கணக்காகக் கொழுந்து எடுக்காத கை, கொஞ்ச நேரத்திலேயே விரல் கறுத்துப் பிளந்துவிட்டது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிர் மேட்டில் மண் சரிந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. யாரும் பேசவும் இல்லை. ஊர் வம்புகூட இல்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்படியே சில நாள் போனது. அக்கா சாப்பிடுவதில்லை, தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். கூடையின் கனத்தில் ஒருநாள் சரிவில் சறுக்கி விழுந்தாள். தூக்கி நிறுத்தினால் உடம்பில் பாரமே இல்லை. அன்று எனக்கு உறைத்தது. இவள் கதையை மட்டும் கட்டி வைக்கவில்லை, தன்னையும் அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாள். விட்டால் இவளும் போய்விடுவாள். அப்போது மச்சான் இரண்டு பேருக்குச் செய்யவேண்டி வரும்.

அடுத்த நாள் நிரை ஏறத் தொடங்கியதும் நான் வாயைத் திறந்தேன். சட்டப்படி பெரிய தப்பு. நடுவில் வேறு கதை எடுப்பதே தப்பு, ஒருத்தி கதையை இன்னொருத்தி தொடவே கூடாது. "அந்தப் பிள்ளை சிரட்டையோட அக்கரையில நின்னுச்சா" என்று ஆரம்பித்தேன். "இக்கரையில அம்மா நின்னாங்க. சாயங்காலம் ஆச்சு. ஆறு கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுச்சு. பிள்ளை பத்திரமா எறங்கி வந்து, அடுப்பப் பத்த வச்சு..." நிரையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. பெரியம்மா, "வேணாம் டீச்சரு" என்று மெதுவாகச் சொன்னார்.

"எந்த ஊருல வடியும்?"

அக்காவின் குரல்தான். இத்தனை நாளும் இல்லாத பலமான குரல். "மேல மழ நிக்காம கீழ ஆறு வடியுமா? எங்கயாச்சும் பாத்திருக்கியா? சிரட்டையில தணலு எவ்வளவு நேரம் நிக்கும்? கதைன்னா வாயில வந்ததப் பேசறதா? டீச்சராம் டீச்சரு." கோபத்தில் கொழுந்தை முறுக்கிப் பிடித்திருந்தாள். கை பச்சையாக இருந்தது. எனக்குத் திட்டு வாங்குவது சந்தோஷமாக இருந்தது. "அப்ப நீ சொல்லு" என்றேன்.

அவள் சொன்னாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிர் மேட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஆறு வடியல. ஏறிக்கிட்டே இருந்துச்சு. அம்மாக்காரிக்குப் பயம் வந்துருச்சு. தண்ணியில எறங்காத, அங்கயே நில்லுன்னு கத்துனா. ஆத்துச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சா. கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. அது அம்மா சொல்லு தட்டாத பிள்ளை. அங்கயே நின்னுச்சு. தணலு அணைஞ்சிரக் கூடாதுன்னு ஊதிக்கிட்டே நின்னுச்சு. நின்ன கரை இடிஞ்சு போச்சு."

முறுக்கிய கொழுந்தைக் கீழே போட்டாள். பிறகு, "வரல. அவ வரல. போயி வராத கத இது" என்றாள்.

அதற்கப்புறந்தான் அழுதாள். தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து, மண்ணில் கையை அடித்து, பிள்ளையின் பேரைச் சொல்லி அழுதாள். பெண்கள் நிரையை உடைத்துக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். அன்று மலையில் வைத்த ஒப்பாரி கீழே தொழிற்சாலைவரை கேட்டதாக மச்சான் பிறகு சொன்னார். கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாராம். கங்காணியும் வந்தார். நிரை குலைந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார்.

அழுது ஓய்ந்த பிறகு பெரியம்மா எழுந்தார். தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்து அள்ளி அக்கா கூடையில் போட்டார். பிறகு அடுத்தவள். எல்லாரும் போட்டார்கள், நானும் என் முற்றலும் இளசுமான கொழுந்தில் ஒரு பிடி போட்டேன். கதை முடிந்தது என்று அர்த்தம். அக்கா தடுக்கவில்லை. கூடை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி வேற யாராச்சும் எடுங்க" என்றாள். அன்று யாரும் எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து முற்றத்தில் கருமாதி செய்தோம். எங்களிடம் இருந்த ஒரே படம் அவள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அதன் முன்னால் வாழையிலை போட்டுச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் அவளுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் படைத்தார்கள். மச்சான் செய்யவேண்டியதைச் செய்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் எழும்போது, அக்கா மட்டும் படத்துக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரொட்டிக்கு மா பிசையும்போது உட்காருவாளே, அதே மாதிரி.

மலையில் முடித்துவிட்டாள், இனி வீட்டில் சொல்லலாம். சட்டப்படிதான் நடந்தாள். ஆனால் அந்தக் கதையை, அதுவும் அந்த முடிவை, பிள்ளையிடம் சொல்லப் போகிறாளா என்று பயந்தேன். போய்த் தூக்கிவிடலாமா என்று ஓர் அடி வைத்தேன். அவள் தொடங்கிவிட்டாள்.

"அம்மா இக்கரையில நின்னுக்கிட்டே இருந்தா. சாயங்காலம் ஆச்சு. மேல மழ நின்னுருச்சு. ஆறு கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுச்சு. அவ பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, சிரட்டையத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு, எறங்கி வந்தா. தணலு ஒன்னு மட்டும் அணையாம இருந்துச்சு. அடுப்பப் பத்த வச்சுட்டு, ஒத்தத் தோட்டோட நின்னு அம்மாவத் திட்டுனா, நெருப்புப்பெட்டிய மழையில நனைய விடுறியே, உனக்குப் புத்தி இருக்கான்னு."

ஆறு வடிந்தது, அடுப்பு பற்றியது. மலையில் நான் உளறி வாங்கிக் கட்டிக்கொண்ட அதே முடிவு. சடங்கு முடிந்த பிறகு கேட்டேன், "மொதல்ல இருந்தே இதானா முடிவு?" "பின்ன" என்றாள். "போயி வாற கததான் அது. சும்மா பிள்ளைக்குப் போக்குக் காட்டுனேன்." எனக்கு வேறு முடிவே தோன்றாமல் போனது ஏன் என்று அப்போது புரிந்தது. சின்ன வயசிலிருந்து அவள் கதையில் வளர்ந்தவள் நான். அவள் ஆற்றை வடிய வைத்து வைத்துத்தான் என்னைப் பதுளைவரை அனுப்பியிருக்கிறாள். மண் சரிவதற்கு முந்தின ராத்திரி காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வருவாள் என்று தெரிந்துகொண்டாவது பிள்ளை தூங்கியிருப்பாள். இதை அக்கா சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா?

கேட்டது பிறகுதான். அந்த நேரத்தில், படத்துக்கு முன்னால், அவள் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். முகத்தைச் சாய்த்து, கேள்வி வருகிற பக்கம் பார்க்கிற மாதிரி. படையலில் ஓர் ஈ உட்கார்ந்தது. அதை ஓட்டிவிட்டு, வாழையிலையை இரண்டு கையாலும் படத்துக்குப் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"அப்புறம் என்ன," என்றாள். "சாப்புட்டுட்டுப் படுத்தா."